வண்டி நல்லாத்தான் சார் இருக்கு!

பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் இந்த வசனத்தை ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். நேற்று ராத்திரி நடுரோட்டில் வண்டி மக்கர் பண்ணியது என்று காலையில் போய்ச் சொல்வோம். மெக்கானிக் சாவியைப் போட்டுத் திருப்புவார். ஒரே திருகலில் செல்ஃப் எடுக்கும். ஹாரன் அடித்து, லைட் போட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். வயிற்றுவலி என்று சொல்லி ஸ்கூலுக்கு மட்டம் போட்ட பையனை டாக்டர் பார்ப்பாரே, அதே பார்வை. "வண்டி நல்லாத்தான் சார் இருக்கு" என்பார். வேறு வழியில்லாமல் நாமும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். அன்று சாயங்காலமே அது மறுபடியும் நிற்கும்.

என்னிடம் இருப்பது 2006 மாடல் சின்ன பெட்ரோல் கார். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியம் இல்லை. அப்பா ரிடையர் ஆனபோது வந்த பணத்தில் சேலத்தில் வாங்கியது. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் கல்யாணம் காதுகுத்து என்று ஓட்டிக்கொண்டிருந்தார். 2019-ல் அவர் போனபிறகு வண்டி வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் சும்மா நின்றது. "நீயே எடுத்துட்டுப் போயிரு கண்ணு, தினம் அதைப் பார்த்துட்டு என்னால இருக்க முடியாது" என்று அம்மா சொன்னதால் பெங்களூருக்குக் கொண்டுவந்தேன். அப்பா பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்றி, டி.என். நம்பரைக் கே.ஏ. நம்பராக ஆக்கிய கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஃபார்ம் 28, ஃபார்ம் 31 என்று எனக்கு இன்னமும் கனவில் வருகின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். 2024 பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினோம். ஆபீசில் ஆணி அதிகம், வழக்கம்போல லேட். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டும்போதே மணி எட்டரை. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று எல்லாம் நன்றாகத்தான் போனது. பின்சீட்டில் பொண்ணு தூங்கிவிட்டாள். தொப்பூர் கணவாய் உங்களுக்கே தெரியும். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது அது இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து எத்தனை உயிர்களை வாங்கியிருக்கின்றன என்று பேப்பரில் படித்துப் படித்து மரத்துப்போன இடம். அந்த இறக்கத்தில், ஒரு வளைவில், ஹெட்லைட், டாஷ்போர்டு வெளிச்சம், பாட்டு மூன்றும் ஒரே நேரத்தில் போய்விட்டன. எஞ்சின் மட்டும் ஒருமுறை குலுங்கியது. கும்மிருட்டு. அடுத்த நொடி எல்லாமே திரும்பி வந்தது, பாட்டு உட்பட.

ஒரு செகண்டு, மிஞ்சிப்போனால் ஒன்றரை. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு செகண்டுக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடுவோம். பின்னால் ஒரு பதினான்கு சக்கர லாரி. என் டெயில் லைட்டும் அணைந்திருக்கும் என்பது சேலம் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது. தங்கமணி அதன்பிறகு வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் இறங்கும்போது, "ஏங்க, இந்த வண்டியில இனிமே பாப்பாவை உட்கார வைக்க மாட்டேன்" என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் சேலத்தில் ஒருவரிடம் காட்டினேன். பேட்டரி வீக் என்றார். மாற்றினேன். பெங்களூர் திரும்பிய இரண்டாவது வாரம், சில்க் போர்டு சிக்னலில் முள்ளெல்லாம் ஆடி, பாட்டு நின்று, மறுபடி வந்தது. வீட்டுப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப். ஆல்டர்னேட்டர் சரியாக சார்ஜ் பண்ணவில்லை என்று சொல்லி, கழற்றிப் பிரஷ், ரெகுலேட்டர் எல்லாம் மாற்றினார்கள். மூன்று வாரம் நிம்மதி. பிறகு ஒருநாள் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று ரிலே சத்தம் மட்டும், செல்ஃப் எடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்துத் திருப்பினால் எடுத்தது. வேறொரு ஒர்க்‌ஷாப், வேறொரு தீர்ப்பு. இக்னிஷன் ஸ்விட்ச் என்றார்கள். அதையும் மாற்றினேன். ஆக மொத்தம் பதினாலாயிரம் ரூபாய் செலவு. வியாதி வியாதியாகவே இருந்தது.

என் ஆதங்கம் இதுதான். இந்த மூன்று பேரும் என்னை ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. மூன்று பேருமே வியாதியை நேரில் பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றுக்கு, வழக்கமாக எது காரணமாக இருக்குமோ அதை மாற்றினார்கள். மாற்றியவுடன் வண்டி நன்றாக ஓடியது. ஓடாதா பின்னே? மாற்றுவதற்கு முந்தின நாளும் அது நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது! எப்போதாவது வந்து போகும் கோளாறில் இருக்கும் பெரிய மோசடியே இதுதான். நீங்கள் எதை மாற்றினாலும் சரியாகிவிட்ட மாதிரியே தெரியும். வண்டிக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாலும் அடுத்த மூன்று வாரம் ஓடும். எலுமிச்சம்பழத்துக்குப் பதினாலாயிரம் ஆகாது என்பதுதான் வித்தியாசம் :-)

பொட்டி தட்டிப் பிழைக்கும் நம்மில் பாதிப்பேருக்கு இது புதிதே இல்லை. கஸ்டமர் ஒரு பக் சொல்வார், நம் மெஷினில் வராது. "நாட் ரிப்ரொட்யூசிபிள்" என்று போட்டு டிக்கெட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போவோம். நான் எத்தனை மூடியிருக்கிறேன் என்று கணக்குக் கிடையாது. விமானத் தொழிலில் இதற்கென்றே ஒரு பெயர் உண்டு, 'கோளாறு காணப்படவில்லை'. பைலட் புகார் சொன்ன பெட்டியைக் கழற்றி, பெஞ்சில் வைத்துச் சோதித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதி, திரும்ப அதே விமானத்தில் மாட்டிவிடுவது. பெஞ்சில் அதிர்வு இல்லை, குளிர் இல்லை, ஈரம் இல்லை. கோளாறு எப்படி வரும்?

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் சின்ன கார்களில் நடந்தது இதன் கோரமான உதாரணம். இக்னிஷன் ஸ்விட்சுக்குள் இருந்த ஒரு ஸ்பிரிங்கில் விறைப்பு போதாது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் இடித்தாலோ, மேடு பள்ளத்தில் குலுங்கினாலோ, ஓடும் வண்டியில் சாவி தானாக ஒரு படி திரும்பிவிடும். எஞ்சின் போய்விடும், பவர் ஸ்டியரிங் போய்விடும், மோதினால் ஏர்பேக்கும் விரியாது. ஓடும்போது வண்டி அணைகிறது என்று வாடிக்கையாளர்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2006-ல் அந்த ஸ்விட்சைச் சத்தமில்லாமல் திருத்தினார்கள், ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை. அதனால் விசாரித்தவர்களுக்கு ஒரு வருடத்து வண்டியில் வருவது அடுத்த வருடத்து வண்டியில் ஏன் வரவில்லை என்றே புரியவில்லை. வழக்குப் போட்ட ஒரு குடும்பத்தின் வக்கீல் அமர்த்திய இஞ்சினியர் பழைய ஸ்விட்சையும் புதிய ஸ்விட்சையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. 2014 பிப்ரவரியில் ரீகால் ஆரம்பித்து, மொத்தம் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். நஷ்டஈட்டுக்காக ஒப்புக்கொண்ட சாவுகள் மட்டும் 124. ஒரு ஸ்பிரிங்குக்கு!

தொப்பூருக்குப் பிறகு இதைப் படித்ததால் எனக்குத் தூக்கம் கெட்டது. வண்டியை விற்றுவிடலாம் என்றுகூட யோசித்தேன். ஆனால் அந்தக் கோளாறோடு இன்னொருவன் தலையில் எப்படிக் கட்டுவது? அவனுக்கும் பின்சீட்டில் ஒரு பிள்ளை இருக்குமே.

வில்சன் கார்டன் பக்கம் ஒரு சந்தில் வயதான ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் பாய். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். உருது, கன்னடம், தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். ஆபீஸ் டிரைவர் ஒருவர் சொல்லித்தான் போனேன். நான் போனதும் பானட்டைத் திறக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார்.

"வண்டி இப்ப நல்லா இருக்குதா?"

"இருக்குங்க பாய்."

"நல்லா இருக்கிற வண்டில நான் என்னா சார் பார்க்கிறது? எப்ப எப்ப வந்திச்சி, அத்த சொல்லுங்க."

சொன்னேன். எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. ராத்திரியா பகலா, மழையா வெயிலா, ஏசி ஓடியதா, எவ்வளவு நேரம் ஓட்டிய பிறகு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாதிக் கேள்விக்குப் பதில் இல்லை. "ஒரு நோட்டு போடுங்க. ரெண்டு வாரம் எழுதிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். காசு வாங்கவில்லை.

இருபது வருடமாக லாக் ஃபைல் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு, லாக் எழுது என்று ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

பாப்பாவின் பழைய ரஃப் நோட்டு ஒன்றை டாஷ்போர்டில் போட்டோம். தேதி, நேரம், ஏசி, லைட், வைப்பர், மழை, எவ்வளவு தூரம் ஓடியது. ஓட்டுகிறவனுக்கு ரோட்டைப் பார்க்கவே நேரம் போதாது என்பதால் தங்கமணிதான் எழுதினாள் (பாப்பாவை உட்கார வைக்க மாட்டேன் என்றவள் தான் மட்டும் வந்தாள், அதற்கே நன்றி சொல்ல வேண்டும்). மூன்றாவது நாளே அவள் ஒன்று கண்டுபிடித்தாள். "ஏங்க, நீங்க ஹெட்லைட் போட்டா டெம்பரேச்சர் முள்ளு லேசா ஏறுது. அணைச்சா இறங்குது. லைட்டுக்கும் எஞ்சின் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்?" நான் இத்தனை வருடம் ஓட்டியும் பார்க்காதது. ஏசி, ஹெட்லைட், வைப்பர் மூன்றும் சேர்ந்தால் முள் நன்றாகவே ஆடியது. குளிர்ந்த வண்டியில் ஆடவில்லை. ஒரு மணி நேரம் ஓடிச் சூடான பிறகுதான் ஆடியது.

நோட்டை பாயிடம் காட்டியதும் அந்த ஒரு வரியில் விரலை வைத்தார். "எர்த்து சார்" என்றார்.

கொஞ்சம் வாத்தியார் வேலை பார்க்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காரில் கரண்ட் போகும் வழியில் பாதிதான் வயர். மீதிப் பாதி வண்டியின் உடம்பு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃப்யூஸ், ஸ்விட்ச் வழியாக பல்புக்கு வயரில் போகும் கரண்ட், பல்பிலிருந்து திரும்பி வருவது தகரத்தின் வழியாக. அந்தத் தகரத்தையும் பேட்டரி நெகட்டிவையும் இணைக்கும் கேபிளைத்தான் எர்த் என்கிறார்கள். (பழைய இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் இது தலைகீழ், பாசிட்டிவைத்தான் பாடிக்குக் கொடுத்திருப்பார்கள். அந்தக் காலத்து லூகாஸ் எலெக்ட்ரிகலை 'இருட்டின் இளவரசன்' என்று அங்கே கிண்டல் செய்வார்கள். என் வண்டிக்கு அந்தப் பட்டம் தாராளமாகப் பொருந்தும்.)

அந்த எர்த் கெட்டுப்போனால், ஹெட்லைட்டிலிருந்து திரும்பி வரும் கரண்ட் வழி தேடி அலையும். கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் என்று எஞ்சினைத் தொடும் எந்த இரும்பு வழியாகவாவது போகப் பார்க்கும். பாடியே ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் மேலே ஏறி நிற்கும். டெம்பரேச்சர் சென்சாருக்கு எர்த் எஞ்சினில், மீட்டருக்கு எர்த் பாடியில். இரண்டுக்கும் நடுவே ஒரு வோல்ட் வித்தியாசம் வந்தால் முள் ஆடாமல் என்ன செய்யும்? செல்ஃப் ரிலேவின் காயிலுக்கும் எர்த் பாடியில்தான், அதனால்தான் டிக் டிக். பெட்ரோல் பம்புக்கும் அப்படியே, அதனால்தான் தொப்பூரில் எஞ்சின் குலுங்கியது. நான் மூன்று வியாதி என்று நினைத்தது ஒரே வியாதி.

நியாயமான கேள்வி ஒன்று உண்டு. அந்த மூன்று பேரில் ஒருவர்கூட எர்த்தைப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் மல்ட்டிமீட்டரை கண்டினியூட்டியில் வைத்து என் கண்முன்னால் சோதித்தார்கள். பீப் என்று கத்தியது. எர்த் ஓகே என்றார்கள். தவறு அங்கேதான். கேபிளுக்குள் நூறு கம்பி இழை இருந்து, தொண்ணூற்றெட்டு அறுந்து இரண்டு மட்டும் மிச்சம் இருந்தாலும் மீட்டர் பீப் என்றுதான் கத்தும். ஏனென்றால் மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் கணக்கில் துளிக் கரண்ட். ஆனால் ராத்திரியில் இரண்டு ஹெட்லைட்டுக்கு மட்டும் ஒன்பது ஆம்பியர் வேண்டும். ஏசி புளோயர், வைப்பர், பாட்டு எல்லாம் சேர்த்தால் முப்பதைத் தொடும். 0.05 ஓம் தடை இருந்தால் போதும், முப்பது ஆம்பியரில் ஒன்றரை வோல்ட் காணாமல் போகும். அந்த 0.05 ஓமை சாதாரண மீட்டரால் அளக்கவே முடியாது, அதன் வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் ஹாலோஜன் பல்பின் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "வயசாயிடுச்சு, கண்ணு சரியாத் தெரியலை" என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி என் கண் இல்லை.

பாய் செய்தது வேறு. "ஒரு மணி நேரம் ஓட்டிட்டு சூடா கொண்டாங்க" என்றார். நைஸ் ரோடில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தேன். வண்டியை அணைக்க விடவில்லை. லைட், ஏசி, வைப்பர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடச் சொன்னார். மீட்டரை டிசி வோல்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முளை மேலேயே வைத்தார். கிளாம்ப் மேல் இல்லை, முளை மேல். இன்னொரு முனையை பாடி போல்ட்டில். எர்த் நன்றாக இருந்தால் அங்கே பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும், 0.1 வோல்ட் வரைக்கும் மன்னிக்கலாம். எனக்கு 0.4 காட்டியது. அப்படியே இன்னொரு கையால் கேபிளை மெதுவாக அசைத்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் 1.9-க்குத் தாவியது, ஹெட்லைட் மங்கியது, முள் குதித்தது. அந்த நொடி எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஒன்றரை மாதமாக என்னைப் பொய்யனாக்கிய கோளாறு நாலு பேர் முன்னால் தலையைக் காட்டிவிட்டதே!

கேபிளை வெளியே எடுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. நடுவில் ஓர் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. பிரித்தால், உள்ளே கேபிளை வெட்டி, முறுக்கி, ஒட்டுப் போட்டிருந்தது. முறுக்கிய இடம் முழுக்கப் பாசி பிடித்த மாதிரி பச்சை, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. "எவன் சார் இந்த வேலை பண்ணது? எர்த் கேபிள்ல போயி ஜாயிண்ட் போடுவானா?" என்று பாய் சத்தம் போட்டார். அந்த டேப்பை யார் சுற்றியது என்று எனக்குத் தெரியும். முனையில் மெல்லிய செம்புக் கம்பியால் இரண்டு சுற்று இறுக்கிக் கட்டியிருந்தது. எங்கள் வீட்டு டேபிள் ஃபேன், இஸ்திரிப்பெட்டி, ரேடியோ எல்லாவற்றிலும் அந்தக் கட்டு இருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் யாரோ பாய், என்றேன்.

ஆனால் அப்பாவின் ஒட்டு மட்டும் காரணம் இல்லை. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் பின்னல் மாதிரி தட்டையான இன்னொரு எர்த் இருக்க வேண்டும். அது இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது. எப்போதோ கிளட்ச் வேலை பார்க்க கியர்பாக்ஸை இறக்கியவர்கள் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். அது இருந்திருந்தால் முதல் கேபிள் கெட்டும் வண்டி சமாளித்திருக்கும். இரண்டாவது போனதால் முழுச் சுமையும் அந்தப் பச்சைப் பொடியின் தலையில்.

ஜே.சி. ரோடில் கேபிளும் பின்னல் எர்த்தும் வாங்கி வந்தோம், எழுநூறு சொச்சம். பாடியில் பெயின்டைச் சுரண்டி, வெள்ளைத் தகரம் தெரியும்படி தேய்த்து, மாட்டி, மேலே கிரீஸ் தடவினார். மறுபடி எல்லாவற்றையும் போட்டு அளந்தார். 0.03.

"எவ்வளவு பாய்?"

"முன்னூறு குடுங்க சார்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. தப்பாக ஊகித்தவர்களுக்குப் பதினாலாயிரம், சரியாகக் கண்டுபிடித்தவருக்கு முன்னூறு. நம் ஊரில் மெக்கானிக்குக்குக் காசு கிடைப்பது பார்ட் மாற்றினால்தான். யோசித்ததற்கு, கேள்வி கேட்டதற்கு, ஒரு மணி நேரம் காத்திருந்து அளந்ததற்கு யாரும் தருவதில்லை. "ஒண்ணுமே மாத்தல, அதுக்குள்ள முன்னூறா?" என்று பேரம் பேசுகிறவர்கள் நாம்தான். பிறகு அவர்கள் ஏன் அளப்பார்கள்? மாற்றத்தான் செய்வார்கள். வெளிநாட்டு ஒர்க்‌ஷாப்புகள் பலவற்றில் கோளாறைக் கண்டுபிடிக்க மணிக்கு இவ்வளவு என்று தனியாக பில் போடுகிறார்கள். அங்கே இருக்கும் நண்பர்கள் அது பகல்கொள்ளை என்று புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். என் கட்சி வேறு. அந்தக் கட்டணத்தை நாமே முன்வந்து தர வேண்டும். "பாய், கண்டுபிடிக்கிறதுக்குத் தனியா ஆயிரம் ரூபாய், பார்ட் மாத்தினா அது வேற கணக்கு" என்று முதலிலேயே சொல்லிப் பாருங்கள், வேலையின் முகமே மாறிவிடும். அன்றைக்கு அவர் கையில் அதிகமாகத் திணித்தேன். பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஸ்கேனர் மாட்டினால் சொல்லிவிடாதா என்று ஆபீஸ் பையன்கள் கேட்டார்கள். நம் நாட்டில் ஓ.பி.டி. கட்டாயமானது பாரத் ஸ்டேஜ் நான்கோடு, 2010 ஏப்ரலில்தான். அதன் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டிகளில் அதே மாதிரி சாக்கெட் இருந்தாலும் கம்பெனிக்கு ஒரு பாஷை. ஆன்லைனில் வாங்கும் சின்னக் கருவி பல சமயம் பேசவே பேசாது. பேசினாலும், கேபிளுக்குள் பச்சைப் பொடி இருக்கிறது என்று எந்த ஸ்கேனரும் சொல்லாது. வோல்டேஜ் குறைந்தது என்று வேண்டுமானால் சொல்லும், அதை வைத்து இன்னொரு பேட்டரி விற்பார்கள். அதற்குப் பதில் எஸ்.பி. ரோடில் ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கிவிடுங்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம் பதிவு பண்ணும் வசதி இருந்தால் விசேஷம், கண் சிமிட்டும் நேரத்தில் வந்து போவதைப் பிடிக்கும். வண்டி ராத்திரி முழுக்க ஓய்வெடுத்த பிறகு பேட்டரி 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக்கூடாது. இந்த மூன்று நம்பரும் சரியாக இருந்தால் பேட்டரி, ஆல்டர்னேட்டர் மேல் கை வைக்க யாரையும் விடாதீர்கள். கழற்றிய பார்ட்டைக் கட்டாயம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் பழைய இக்னிஷன் ஸ்விட்ச் வீட்டில் நன்றாகவே இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஃபிளாட் நண்பர், "இவ்வளவு பாடுபடறதுக்கு எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு புதுசு எடுக்கலாமே" என்கிறார். அரசாங்கமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. 15 வருடம் ஆன காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். என் வண்டி அந்தக் கோட்டுக்கு வந்து நிற்கிறது. பழசு என்பதாலேயே ஒரு வண்டி ஆபத்து என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கண்டுபிடிக்காத கோளாறுதான் ஆபத்து, அது நேற்று டெலிவரி எடுத்த வண்டியிலும் இருக்கலாம். ஆனால் நண்பர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. என் வண்டியில் ஏபிஎஸ் கிடையாது, ஏர்பேக் கிடையாது. அவை கட்டாயமானதே 2019-ல்தான். எர்த் கேபிள் மாற்றியதால் ஏர்பேக் முளைக்கப் போவதில்லை. அதனால் ராத்திரியில் அந்த வண்டியில் தொப்பூர் இறங்குவதில்லை என்று தங்கமணியிடம் ஒப்பந்தம். ஊருக்கு இப்போது பகலில்தான் கிளம்புகிறோம், ஆபீஸ் ஆணியெல்லாம் அப்புறம்.

இன்னொன்று. எல்லாப் பழைய வண்டியையும் காப்பாற்றச் சொல்லவில்லை. பேஸ்மெண்ட் எலி வயரிங்கைப் பத்து இடத்தில் கடித்திருந்தால் ஒட்டுப் போட்டு மாளாது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் கும்பிடு போட்டுவிடுங்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2022 செப்டம்பரில் இங்கே பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு பக்கமும் எத்தனை கார்கள் முங்கின என்று பார்த்தோமே. அதெல்லாம் எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போகிறவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு தெரிந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். தண்ணீர் புகுந்த கனெக்டர்கள் மூன்று வருடம் கழித்துக்கூட ஒவ்வொன்றாக விளையாட்டுக் காட்டும், பாயாலும் பிடிக்க முடியாது.

பாப்பா மறுபடி பின்சீட்டில் உட்கார எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் நோட்டில் தினமும் ஒரு வரி, "ஆடவில்லை" என்று. அதன்பிறகு அவளே வந்து உட்கார வைத்தாள், நான் கேட்கவில்லை.

பதிவைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. அம்மாவிடம் கேட்டால், "உங்கப்பா வண்டி, உன்ற இஷ்டம்" என்கிறார்கள். போன வாரத்திலிருந்து இடதுபக்கப் பின்கதவு சென்ட்ரல் லாக் மட்டும் எப்போதாவது விழ மாட்டேன் என்கிறது. மழை பெய்த இரண்டு நாளில் இரண்டு தடவை. நோட்டில் எழுதியாகிவிட்டது. மூன்றாவது தடவை வரட்டும், வில்சன் கார்டன் போகிறேன்.